சூட்டை ஏற்றினால் தீருமா?

நேயர்களுக்கு வணக்கம். நிலக்கரியை உயர் அழுத்த ஹைட்ரஜனோடு வினைபுரிய வைத்து எண்ணெயாக்கும் முறைக்கு ஜெர்மன் வேதியியலாளர் ஃபிரெட்ரிக் பெர்கியுஸ் 1913-லேயே காப்புரிமை பெற்றார். ஆனால் அப்படிக் கிடைக்கும் எண்ணெயை அப்படியே எஞ்சினில் ஊற்ற முடியாது. கறுத்து, நெடியடிக்கும், நாள்பட வைத்தால் பிசினாகத் திரளும். டீசலில் ஒரு கார்பனுக்கு ஏறத்தாழ 1.8 ஹைட்ரஜன் அணுக்கள் இருக்கும். இந்த நிலக்கரி எண்ணெயில் ஒன்றுக்குச் சற்றுக் கூடுதல்தான். போதாக்குறைக்கு ஃபீனாலில் ஆக்சிஜன், குயினோலின் போன்ற வளையங்களில் நைட்ரஜன்.

ஹைட்ரஜன் ஏற்றி இதைச் சுத்திகரிக்க உதவுவது அலுமினா மேல் ஏற்றிய நிக்கல்–மாலிப்டினம் வினையூக்கி. ஆக்சைடாகத்தான் வரும், சல்ஃபைடாக மாறினால்தான் வேலை செய்யும். வினையூக்கி நிரப்பிய அடுக்கான படுகையை உலர்த்தி, கந்தகம் தரும் டைமெத்தில் டைசல்ஃபைடு கலந்த எண்ணெயை ஹைட்ரஜனோடு செலுத்தி, சுமார் 230 டிகிரி செல்சியஸில் நிறுத்த வேண்டும். வெளிவாயில் ஹைட்ரஜன் சல்ஃபைடு தென்பட்ட பிறகே மேலே ஏற்றலாம். அவசரப்பட்டால் கந்தகம் சேருமுன்பே ஹைட்ரஜன் உலோகத்தை ஒடுக்கிவிடும். அப்புறம் அது சரியாகச் சல்ஃபைடாகாது. விலைகொடுத்து வாங்கிய வினையூக்கியின் திறனில் ஒரு பகுதி முதல் நாளே போய்விடும்.

நிலக்கரி எண்ணெயில் உள்ள கந்தகத்தை நீக்குவது எளிது. நைட்ரஜன்தான் படுத்தும். அது உட்கார்ந்திருக்கும் வளையத்தில் முதலில் ஹைட்ரஜன் நிறைய வேண்டும். பிறகுதான் கார்பன்–நைட்ரஜன் பிணைப்பு அறும். அதுவரை காரத்தன்மையுள்ள அந்த மூலக்கூறுகள் வினையூக்கியின் அமில இடங்களைப் பிடித்துக்கொள்ளும்.

வெளிவரும் எண்ணெயில் நைட்ரஜன் கூடினால் சூட்டை ஏற்றத்தான் கை போகும். ஓரளவுக்குப் பலன் உண்டு. ஆனால் வளையம் ஹைட்ரஜன் ஏற்பது வெப்பம் உமிழும் வினை. சுமார் 400 டிகிரியை நெருங்கினால் சமநிலை திரும்பி, ஏறிய ஹைட்ரஜன் கழன்றுவிடும், கரியும் படியும். ஹைட்ரஜன் அழுத்தத்தைக் கூட்டுவதும், எண்ணெய் செல்லும் வேகத்தைக் குறைப்பதும்தான் நல்ல வழி. படுகைகளுக்கு இடையே குளிர்ந்த ஹைட்ரஜனைச் செலுத்தினால்தான் சூடு கட்டுக்குள் நிற்கும்.

கரிச்சாம்பலிலிருந்து வரும் இரும்பு, கால்சியம், டைட்டானியத்தை அகன்ற துளைகள் கொண்ட மலிவான காவல் படுகை, அதாவது முதன்மைப் படுகைக்கு முன்னால் வைக்கும் படுகை, தாங்கிக்கொள்ளட்டும். படுகையின் நுழைவாயிலுக்கும் வெளிவாயிலுக்கும் இடையிலான அழுத்த இறக்கம் ஏறிக்கொண்டே போனால் மேல்பகுதியில் பொருக்குக் கட்டுகிறது என்று பொருள்.

கிடைக்கும் எரிபொருளில் வளைய ஆல்கேன்கள் நிறைய. விமான எரிபொருளுக்கு அது வசதி, டீசலுக்கோ எளிதில் பற்றிக்கொள்ளும் தன்மையைக் காட்டும் சீட்டேன் எண் குறைவு.

பலர் மறப்பது கடைசிக் கட்டத்தை. பிரிந்த நைட்ரஜன் அம்மோனியாவாகி, ஹைட்ரஜன் சல்ஃபைடோடும் குளோரைடோடும் சேர்ந்து குளிர்விப்பான் குழாய்களில் உப்பாகப் படியும். அதற்கு முன்பே கழுவுநீர் செலுத்துவது வழக்கம். செலுத்திய நீரில் கால் பங்காவது அந்த இடத்தில் ஆவியாகாமல் நிற்க வேண்டும். நீர் போதாமல் உப்பு நமுத்தால், உலர்ந்த உப்பைவிட வேகமாகக் குழாயை அரித்துவிடும்.