துணிச்சலா, துணையா? 'துணையே!' அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் உள்ள பெரியவர்களே, பிள்ளைகளே, வணக்கம்.

பள்ளியில் சக மாணவர்களின் கொடுமைக்கு ஆளாகும் பிள்ளைக்கு முதலில் தேவை துணிச்சலா, துணையா? துணை என்று பேச வந்திருக்கிறேன். அதனால்தான் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

எதிரணி நண்பர் தன் கதையைச் சொன்னார். ஏழாம் வகுப்பில் ஒருவன் தினமும் இவர் தலையில் குட்டுவானாம். ஒருநாள் அவன் கையை ஓங்க, பக்கத்து பெஞ்சுக்காரன் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள, இவர் ஓங்கி ஒன்று விட்டாராம். அன்றோடு தீர்ந்ததாம். நீங்கள் கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன். ஆனால் ஐயா, நீங்கள் பேச எழுந்தபோது மைக்கை ஒரு முழம் உயர்த்த வேண்டியிருந்ததே! உங்களைப் போலவே திருப்பி அடித்து, மறுநாள் நாலு பேரிடம் மிதி வாங்கிய பையன் எங்கோ இருப்பான். அவனை யாரும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை.

நார்வே நாட்டில் 1982-இன் இறுதியில் மூன்று சிறுவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். சக மாணவர்களின் கொடுமைதான் காரணமாக இருக்க வேண்டும் என்று நாடே கலங்கியது. மறு ஆண்டே நாடு முழுக்க இதற்கெதிரான இயக்கத்தை அரசு தொடங்கியது. அதில் முன்னின்றவர் டேன் ஓல்வியஸ் என்ற உளவியலாளர். எது வெறும் சண்டை, எது கொடுமை என்று பிரித்துக்காட்ட அவர் மூன்று அடையாளம் சொன்னார். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, இருவருக்கும் பலம் சமமாக இல்லாதது. அந்த மூன்றாவதைக் கொஞ்சம் கவனியுங்கள். திருப்பி அடிக்க முடிந்தால் அதற்குப் பெயர் சண்டை. முடியாததால்தான் அது கொடுமை. நீச்சல் தெரியாமல் முழுகுகிறவனிடம் கரையில் நின்றுகொண்டு 'தைரியமாக நீந்து' என்கிறது எதிரணி!

பலம் என்றால் புஜபலம் மட்டும் இல்லை. பட்டப்பெயர் வைத்து வகுப்பே சிரிப்பது, விளையாட்டில் சேர்க்காமல் ஒதுக்குவது, வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டுக் கேலி செய்வது. இதற்கெல்லாம் எந்தக் குத்து விடுவீர்கள்?

கனடாவில் பள்ளி மைதானங்களில் கேமராவும் மைக்கும் வைத்து ஆராய்ந்து 2001-இல் எழுதினார்கள். கொடுமை நடக்கிற இடத்தில் பெரும்பாலும் மற்ற பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவர் குறுக்கே வந்தபோது, 57 சதவீதத் தடவைகளில் பத்து நொடிக்குள் அது நின்றுவிட்டது. மீதியைக் கேட்பீர்கள், தெரியும். எல்லா முறையும் நிற்கவில்லைதான். ஆனால் பத்து நொடியில் கராத்தே கற்றுக்கொண்ட பிள்ளையை எனக்குக் காட்டுங்கள்.

பின்லாந்தில் 'கிவா' என்ற திட்டம் இந்த வேடிக்கை பார்ப்பவர்களைத்தான் பிடித்தது. சிரித்து ஏற்றிவிடுபவன், கண்டும் காணாமல் நிற்பவன், இவர்களை மாற்றினால் அடிப்பவனுக்கு மேடையே இல்லை. வகுப்பில் மதிப்புள்ள இரண்டு மூன்று பிள்ளைகளை ஆசிரியர் தனியே அழைத்து, அடிபடுகிற பிள்ளையைச் சொல்லி, 'அவன்கூட இருங்கள்' என்று ஒப்படைப்பார். அவ்வளவு எளிய வேலை! நம்மில் பலர் செய்வது என்ன? இருவரையும் கூப்பிட்டு, 'கை குலுக்குங்கள், இனிமேல் நண்பர்கள்.' அடித்தவன் அறையை விட்டு வெளியே வந்ததும் கேட்பான், 'என்னடா, சொல்லிக்கொடுத்தாயா?'

கோள் சொல்வதும் உதவி கேட்பதும் ஒன்றில்லை என்று பிள்ளைக்கு யார் சொல்வது? நாம்தான். ஆனால் பிள்ளை வாய் திறந்ததும் நம் முதல் கேள்வி, 'நீ என்ன பண்ணினாய்?' அடுத்த முறை அது வாய் திறக்காது. காலையில் வயிற்றுவலி வரும். பென்சில் பெட்டி தொலையும். 'பள்ளிக்கு வேறு வழியாகப் போகலாமா' என்று கேட்கும். பதறாமல் முழுக்கக் கேளுங்கள். என்று, எங்கே, யார் என்று எழுதிவையுங்கள். போனில் வந்ததை அழிக்காதீர்கள். அந்தக் குறிப்போடு வகுப்பாசிரியரைப் பாருங்கள். அடித்த பையன் வீட்டுக்குச் சண்டைக்குப் போகாதீர்கள், அது இன்னொரு கதையாக முடியும். 'யாரிடமும் சொல்லாதே' என்று பிள்ளை கெஞ்சினாலும் அந்த வாக்கை மட்டும் கொடுக்காதீர்கள். 'உனக்குத் தெரியாமல் எதுவும் செய்ய மாட்டேன்' என்று சொல்லலாம்.

துணிச்சல் வேண்டாமா? வேண்டும். வேடிக்கை பார்ப்பவனுக்கு வேண்டும். அதை ஏன் அடிபடுகிறவன் தலையில் கட்டுகிறீர்கள்?

மணி அடித்துவிட்டார்கள். ஒரே ஒரு கேள்வி, எதிரணி நண்பருக்கு. உங்கள் கதையில் ஒரு வரியை மட்டும் வேகமாகத் தாண்டிவிட்டீர்கள். அவன் கையைப் பிடித்துக்கொண்டானே, பக்கத்து பெஞ்சுக்காரன்... அவன் எந்த அணி ஐயா?

நன்றி, வணக்கம்.