பயன்படுவதற்காகத் தைக்கும் பரிசு

அவையில் கூடியிருக்கும் நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கையால் தைத்த குயில்ட் போர்வைகளையும் துணிப்பைகளையும் நண்பர்களுக்குப் பரிசளிப்பது பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். இந்தத் தலைப்பை எடுத்தால் பேச்சு உடனே நிறத்துக்கும் வடிவத்துக்கும் போய்விடும். நான் வேறோர் இடத்தில் தொடங்குகிறேன். கையால் தைத்த போர்வையைப் பரிசாகப் பெற்றவர்களில் பலர் அதை நெகிழ்ச்சியோடு தடவிப் பார்க்கிறார்கள், மடித்து அலமாரியில் வைக்கிறார்கள், அதன்பிறகு எடுப்பதே இல்லை. அழுக்காகிவிடுமோ, துவைத்தால் பாழாகிவிடுமோ என்ற தயக்கம்தான். உழைப்பின்மீது அவர்களுக்கு இருக்கும் மரியாதை இதற்கு ஒரு காரணம். தைத்தவர் அதைத் துவைக்கத் தகுந்தபடி தைக்காததும், அப்படித் தைத்திருந்தாலும் எடுத்துச் சொல்லாததும் இன்னொரு காரணம். நண்பர் அச்சமின்றிப் போர்த்திக்கொள்ளவும், துவைக்கவும், கிழிந்தால் ஒட்டுப் போட்டுக்கொள்ளவும் ஏற்ற ஒரு பொருளைத் தைத்துக் கொடுப்பதே முழுமையான பரிசு என்பது என் உறுதியான எண்ணம்.

குயில்ட் மூன்று அடுக்குகளால் ஆனது. துணித்துண்டுகளை இணைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி. இம்மூன்றையும் ஊடுருவிச் செல்லும் தையல் அழகுக்காகப் போடப்படுவது என்று பலர் நினைக்கிறார்கள்; உண்மையில் பஞ்சை அதனதன் இடத்தில் பிடித்து வைப்பதுதான் அதன் முதல் வேலை. இரண்டு தையல் வரிகளுக்கிடையே இடைவெளி மிகுந்துவிட்டால், துவைக்கும்போது பஞ்சு நகர்ந்து ஒரு மூலையில் திரண்டுகொள்ளும். மற்ற இடங்களில் வெறும் துணிதான் மிஞ்சும். எவ்வளவு இடைவெளி தாங்கும் என்பது பஞ்சு விரிப்பின் உறையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். பிணைப்பு எதுவும் இல்லாத தூய பருத்திப் பஞ்சுக்கு 2 முதல் 4 அங்குல இடைவெளிக்குள் தையல் தேவை. மெல்லிய வலையோடு பிணைத்துத் தயாரித்த விரிப்பு 8 முதல் 10 அங்குலம் வரை தாங்கும். அடிக்கடி துவைக்கப்போகும் பரிசுப் போர்வைக்கு அந்த எல்லையின் விளிம்பு வரை போகாமல் சற்று உள்ளேயே நின்றுவிடுவது நல்லது. ஆனால் வரிகளை மிக நெருக்கிவிட்டால் போர்வை அட்டைபோல் விறைத்து, உடம்போடு படியாமல் நிற்கும் என்பதையும் கருத வேண்டும்.

துணியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பெரும்பாலான ஏமாற்றங்கள் இங்கேதான் தொடங்குகின்றன. புதிய பருத்தித் துணி முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் சுருங்கக்கூடும். 60 அங்குலத் துணியில் இது 3 அங்குலம் வரை போகும். எல்லாத் துணிகளும் ஒரே அளவில் சுருங்கினால் போர்வை மேனியெங்கும் மெல்லிய சுருக்கம் விழும்; அந்தத் தோற்றத்தை விரும்பியே துணியை முன்கூட்டித் துவைக்காமல் தைப்பவர்களும் உண்டு. துவைத்த துணியையும் துவைக்காத துணியையும் ஒரே போர்வையில் கலப்பதுதான் கூடாது, ஒன்று இழுக்கும், மற்றொன்று தொங்கும். சிவப்பு, கருநீலம், கறுப்பு ஆகிய நிறங்களை வெள்ளைக்கு அருகில் வைக்க எண்ணினால், வெட்டுவதற்கு முன்பே ஒரு சிறு துண்டை வெந்நீரில் நனைத்து வெள்ளைத் துணிமேல் அழுத்தி வைத்துப் பாருங்கள். சாயம் ஏறினால் துணியைச் சில முறை துவைத்துப் பார்க்க வேண்டும், அப்போதும் சாயம் போவது நிற்காவிட்டால் அந்தத் துணியையே விட்டுவிட வேண்டும்.

நண்பரின் பழைய சட்டைகளையும் புடவைகளையும் கொண்டு தைக்க விரும்புகிறவர்கள் பலர். அது மிக நல்ல விருப்பம். சட்டையில் கழுத்துப்பட்டியும் முழங்கையும் நூல் நைந்து போயிருக்கும்; முதுகுப் பகுதியும் முன்புறத்தின் கீழ்ப்பகுதியும் பெரும்பாலும் உறுதியாகவே இருக்கும், அங்கிருந்துதான் துண்டுகளை எடுக்க வேண்டும். துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் எங்கே நைந்திருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். டீ ஷர்ட்போன்ற பின்னலாடைத் துணி இழுபடும் தன்மையுடையது; அதன் பின்புறத்தில் இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் மெல்லிய துணியை ஒட்டிக்கொண்ட பிறகே வெட்ட வேண்டும்.

துண்டுகளை இணைக்கும்போது தையலுக்கு விடும் துணி கால் அங்குலம், ஏறக்குறைய 6 மில்லிமீட்டர். இதில் 1 மில்லிமீட்டர் தவறினால் என்ன என்று தோன்றலாம். ஒவ்வோர் இணைப்பிலும் இரண்டு துண்டுகள் இருப்பதால் 1 மில்லிமீட்டர் கூடினால் 2 மில்லிமீட்டர் குறைகிறது. பத்துத் துண்டுகள் கொண்ட வரிசையில் ஒன்பது இணைப்புகள், ஆகவே அந்த வரிசை 18 மில்லிமீட்டர் குட்டையாகிவிடுகிறது. அடுத்த வரிசையோடு மூலைகள் பொருந்தாமல் போவதற்கு இதுவே போதும். அதனால் முதலில் மூன்று துண்டுகளை மட்டும் இணைத்து, இஸ்திரியைத் தேய்க்காமல் மேலிருந்து அழுத்தி எடுத்து, அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு மேலே செல்வது நல்லது. இஸ்திரியை இழுத்துத் தேய்த்தால் துணி, குறிப்பாக நூலோட்டத்துக்கு மூலைவாட்டில் வெட்டிய துணி, வடிவம் மாறிவிடும்.

யாருக்காகத் தைக்கிறோம் என்பதும் அளவைத் தீர்மானிக்க வேண்டும். சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கும் நண்பருக்கு நீளமான போர்வை கொடுத்தால் அதன் ஓரம் சக்கரத்தில் சிக்கும். மடியையும் முழங்காலையும் மூடும் அளவு போதும். பிறந்த குழந்தைக்குத் தைப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: ஓராண்டு நிறையாத குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வை எதுவும் இருக்கக் கூடாது என்பதே மருத்துவர்களின் அறிவுரை. அதைத் தரையில் விரித்துக் குழந்தையை விளையாட விடும் விரிப்பாகத் தைத்துக் கொடுங்கள், கொடுக்கும்போது அதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அதில் பொத்தானோ மணியோ வேண்டாம்.

பரிசாகத் தைக்கப்பட்ட போர்வைகளின் வரலாற்றில் என்னை மிகவும் பாதித்தவை 1942இல் சிங்கப்பூரின் சாங்கி சிறையில் தைக்கப்பட்டவை. ஜப்பானியப் படையால் அங்கே அடைக்கப்பட்டிருந்த பெண்களிடம் ஆளுக்கொரு சதுரத் துணி கொடுக்கப்பட்டது. தங்களைப் பற்றிய ஏதேனும் ஒன்றைப் பூத்தையலில் தைத்து, பெயரையும் சேர்க்கும்படி சொல்லப்பட்டது. போர்வைக்கு 66 சதுரங்கள் வீதம் காயமுற்ற பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, ஜப்பானிய வீரர்களுக்கென மூன்று போர்வைகள் உருவாயின. வேறு முகாமில் இருந்த கணவன்மாருக்குத் தாங்கள் உயிரோடிருக்கும் செய்தியும் அந்தப் பெயர்களின் வழியே போய்ச் சேர்ந்தது. ஆஸ்திரேலிய வீரர்களுக்கான போர்வையின் பின்புறத்தில், வீரர்களின் துன்பத்துக்கு அனுதாபம் தெரிவிக்கும் வாசகத்தோடு, இதை உலர்சலவை (டிரை கிளீனிங்) செய்வது நலம் என்ற குறிப்பும் இருக்கிறது. சிறைக்குள் இருந்த பெண்கள், தாங்கள் தைத்த போர்வை பல காலம் பயன்பட வேண்டும் என்று எண்ணி அதைப் பராமரிக்கும் முறையையும் துணியிலேயே பதித்திருக்கிறார்கள். இதைவிட அக்கறையான ஒரு பரிசை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இனிப் பைகளுக்கு வருகிறேன். பை தைக்கும்போது முதல் கேள்வி, நண்பர் எதைச் சுமக்கிறார் என்பது. புத்தகம் சுமப்பவருக்கும் பின்னல் நூல்கண்டு வைத்துக்கொள்பவருக்கும் ஒரே பை பொருந்தாது. தோளில் தொங்கும் வாரின் நீளத்தை ஊகிக்க வேண்டாம். அவர் விரும்பித் தூக்கும் பழைய பையை ஒருமுறை அளந்துகொண்டால் போதும். பை நிற்க வேண்டுமானால் அடிப்பாகம் வேண்டும். பக்கத் தையலையும் அடித்தையலையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மூலையை முக்கோணமாக மடித்து, அதன் குறுக்கே 4 அங்குல நீளத்துக்கு ஒரு கோடு தைத்தால் 4 அங்குல அகல அடிப்பாகம் கிடைத்துவிடும்.

பை எப்போதும் முதலில் அறுவது வார் இணையும் இடத்தில்தான். வாரின் நுனியை விளிம்போடு தைத்து நிறுத்தாமல், ஒன்றரை அங்குலமாவது உள்ளே இறக்கி, சதுரமாகச் சுற்றித் தைத்து, அந்தச் சதுரத்துக்குள் பெருக்கல் குறியாக இரண்டு கோடுகள் போட வேண்டும். அதன் பின்னால் கேன்வாஸ் துண்டு ஒன்றை வைத்துத் தைத்தால் இழுவை ஒரே நூலில் விழாமல் பரவும். பாரம் மிகுந்த பையென்றால் வாரைப் பையின் அடிவரை கொண்டுபோய் மறுபக்கம் ஏற்றிவிடுவதே சிறந்தது. அப்போது சுமையை வாரே தாங்கும். தடித்த துணிக்குத் தையல் இயந்திரத்தில் 16ஆம் எண் ஊசி போடுங்கள், மெல்லிய ஊசி வளைந்து தையலைத் தவறவிடும். லைனிங் துணி மட்டும் வெளிர்நிறமாக இருக்கட்டும். கறுப்பு லைனிங் உள்ள பையில் சாவியைத் தேடுவது எவ்வளவு எரிச்சல் என்பது தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

போர்வையின் பின்புற மூலையில் ஒரு சிறு துணிச் சீட்டு தைத்து, தைத்தவர் பெயர், பெறுபவர் பெயர், ஆண்டு, துவைக்கும் முறை ஆகியவற்றை எழுதுங்கள். அழியாத மையில் எழுதிய பின் இஸ்திரியால் சூடேற்றினால் எழுத்து நன்றாகப் பதியும். துவைப்பதைப் பற்றி எழுதும்போது தயங்காதீர்கள்: குளிர்ந்த நீர், மிதமான சோப்பு, நிழலில் உலர்த்தல் என்று தெளிவாகவே எழுதிவிடலாம். போர்வையில் முதலில் நைவது விளிம்பைச் சுற்றித் தைத்த ஓரப்பட்டிதான். அதைப் பிரித்துப் புதிதாகப் போடலாம் என்பது பலருக்குத் தெரியாது. எனவே அந்தப் போர்வைக்கு வாங்கிய துணியில் மிஞ்சியதை ஒரு சிறு பொட்டலமாகக் கட்டி, அதே நூலில் சிறிது சுற்றிவைத்து, பரிசோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள். கிழிந்தால் என்னிடம் கொண்டுவா, நானே தைத்துத் தருகிறேன் என்ற ஒரு வாக்கையும் உடன் கொடுங்கள். பிறகு அவர் அந்தப் போர்வையை அலமாரியில் வைப்பதற்குக் காரணம் எதுவும் இராது.

வணக்கம்.