ஒரு கையை மட்டும் நீட்டும் குழந்தை

நேயர்களுக்கு வணக்கம். பக்கவாதம் என்றதும் நாம் நினைப்பது முதியவர்களைத்தான். பச்சிளங்குழந்தைக்கும் அது வரும். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை ரத்தக்கட்டி அடைத்தால், அந்தப் பகுதி பாதிக்கப்படும். ஏறக்குறைய 2,500 முதல் 4,000 பிரசவங்களுக்கு ஒரு குழந்தைக்கு, பிறப்பை ஒட்டிய நாட்களிலேயே இது நேர்கிறது.

பிறந்த குழந்தை நடப்பதில்லை, பேசுவதில்லை. அதனால் ஒரு பக்கம் பலவீனமாக இருப்பது கண்ணில் படாது. சில குழந்தைகளுக்கு முதல் சில நாட்களில் வலிப்பு வரும். ஒரு கையோ காலோ மட்டும் வெட்டி வெட்டி இழுக்கும். மற்றவை நலமாகவே வீடு போய்ச் சேரும்.

ஐந்தாறு மாதத்தில் கிலுகிலுப்பையை நீட்டுகிறோம். குழந்தை எப்போதும் ஒரே கையால் வாங்குகிறது. மற்றக் கை மூடியே இருக்கிறது. அது இடது கையால் வாங்கினால், "இடக்கைப் பிள்ளை போலிருக்கிறது" என்பார் பாட்டி. வலது கையால் வாங்கினால் இன்னும் மோசம்: சோற்றுக்கையால் வாங்குகிறது என்று வீடே மகிழும், யாருக்கும் சந்தேகம் வராது. நான் போகுமிடமெல்லாம் சொல்லி வருவது இதுதான்: ஒரு வயதுக்கு முன் வலக்கைப் பழக்கமும் கிடையாது, இடக்கைப் பழக்கமும் கிடையாது. இரண்டு கையும் சமமாக வர வேண்டும்.

இன்றே மடியில் உட்காரவைத்துப் பாருங்கள். பொம்மையை ஒருமுறை வலப்பக்கம் நீட்டுங்கள், ஒருமுறை இடப்பக்கம். அந்தப் பக்கத்துக் கை வருகிறதா, எதிர்க்கை உடலைத் தாண்டி வருகிறதா? ஒரே பக்கத்தில் நாலைந்து நாளும் எதிர்க்கையே வந்தால், அடுத்த தடுப்பூசித் தேதிவரை காத்திருக்காதீர்கள். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். திரும்பச் சொல்கிறேன், ஒரு வயதுக்கு முன் கைப்பழக்கம் கிடையாது.

வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. கிரகணத்தன்று வெளியே வந்தாள், குடம் தூக்கினாள் என்று தாயைக் குற்றம் சொல்லாதீர்கள். பெரும்பாலும் இதற்கு ஒற்றைக் காரணம் கண்டுபிடிக்க முடிவதில்லை. அவள் செய்த எதனாலும் இது வரவில்லை. அவளுக்கு இனி நிறைய வேலை இருக்கிறது. நன்றாக இயங்கும் கைக்குத் தினமும் சிறிது நேரம் உறை மாட்டிவிட்டு, பலவீனமான கையால் விளையாடப் பழக்க வேண்டும். சிகிச்சையாளர் சொல்லித் தருவார், செய்வது வீட்டார்தான். மூளை வளரும் பருவம் என்பதால் சீக்கிரம் தொடங்குவது நல்லது.

வளர்ந்த பிள்ளைக்குத் திடீரென வாய் கோணினாலும், கை தொய்ந்தாலும், பேச்சு குழறினாலும் உடனே 108-ஐ அழையுங்கள். கட்டிலிலிருந்து விழுந்த கைக்குழந்தை பிறகு ஒரு கையை அசைக்காவிட்டாலும் அப்படியே. புறா ரத்தம் தேய்க்க அழைத்துப் போய் நேரத்தை இழக்காதீர்கள்.

நேரம் முடிவதாகச் சைகை காட்டுகிறார்கள். நீலகிரி நேயர்களுக்கு ஒன்று மட்டும். ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துபோகும் பரம்பரை நோயான அரிவாள் செல் சோகை இந்தியாவில் 1952-இல் அறியப்பட்டதே உங்கள் மலையின் பழங்குடி மக்களிடம்தான். அந்நோயுள்ள பிள்ளைகளுக்குப் பக்கவாத ஆபத்து மிக அதிகம். மூளைக் குழாய்களில் ரத்தம் ஓடும் வேகத்தை அளக்க, தலையில் செய்யும் டாப்ளர் ஸ்கேனில் அதை முன்கூட்டியே காணலாம். அப்படிக் கண்டவர்களுக்கு முறையாக ரத்தம் ஏற்றினால் பெருமளவு தடுக்கலாம் என்று 1998-இல் அமெரிக்க ஆய்வு காட்டிவிட்டது. அந்நோயுள்ள பிள்ளைக்கு இரண்டு வயது முதல் ஆண்டுக்கொருமுறை அந்த ஸ்கேனை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். வணக்கம்.