வேலூர் வந்த கண்டி ராஜாவுக்கு ஒரு கூத்து

அவைக்கு வணக்கம்.

நம் வேலூர்க் கோட்டைக்குள் திப்பு மகால், ஹைதர் மகால், கண்டி மகால் என்று கட்டடங்கள் இருக்கின்றன. நாடிழந்து வந்த குடும்பங்களை நினைவில் வைத்திருக்கிற பெயர்கள் அவை. 1799 மே 4இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின் திப்புவின் பிள்ளைகளை இங்கே கொண்டுவந்தார்கள். 1806 ஜூலை 10இல் இங்கே நடந்த சிப்பாய்ப் புரட்சிக்குப் பிறகு அவர்களைக் கல்கத்தாவுக்கு ஏற்றிவிட்டார்கள். 1815இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்ட, இலங்கையின் கண்டி நாட்டுக் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், அடுத்த ஆண்டு கார்ன்வாலிஸ் கப்பலில் சென்னைக்கு வந்து, இந்தக் கோட்டைக்குள் அடைக்கப்பட்டான். 1832 ஜனவரி 30இல் இங்கேயே இறந்தான். பாலாற்றங்கரை முத்து மண்டபம் அவன் நினைவாக எழுந்தது.

இவ்வளவு கதை நம் காலடியில் கிடக்கிறது. இதைக் கூத்தாக்க வேண்டும் என்றால் ஒரு சிக்கல் வரும். வடாற்காட்டுப் பாரதக் கூத்தில் பாண்டவர் வனவாசம் உண்டு, அது போருக்கு முன்னால். பதினெட்டாம் போர், துரியோதனன் விழும் படுகளம், தீமிதி, தருமர் பட்டாபிஷேகம், அத்தோடு கொடி இறங்கிவிடும். போர் முடிந்த பின் திருதராட்டிரனும் காந்தாரியும் குந்தியும் காட்டுக்குப் போனது வியாச பாரதத்தில் இருக்கிறது. கூத்து ஆடும் நம் களரியில் அதற்கு இடமில்லை. ஆகவே தோற்றவன் ஊரைவிட்டுப் போவதற்குத் தயார்ப் பாட்டு நம்மிடம் கிடையாது. புதிதாகக் கட்டத்தான் வேண்டும்.

கட்டுவதற்கு வழி திரைப் பிரவேசத்தில் இருக்கிறது. கூத்தில் ராஜா திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடி, தன் நாட்டையும் பேரையும் தானே சொல்லித்தான் வெளியே வருவான். நாடே போனவன் எதைச் சொல்லி வருவான்? அதனால் ஒரே வேஷத்துக்கு இரண்டு திரை கொடுங்கள். முதல் திரையில் ‘மலைசூழ்ந்த கண்டிநகர் ஆளும் மன்னன் வந்தேனே’ என்று முழு விருத்தம், தரு என்கிற ஆட்டப் பாட்டு, கிறிக்கி என்கிற சுழல் ஆட்டம் எல்லாம் இருக்கட்டும். இரண்டாவது திரை வேலூரில். கேலியும் கேள்வியுமாகக் கூத்தை நடத்துகிற கட்டியங்காரன் ‘ஐயா, தங்களுக்கு எந்த நாடு?’ என்று கேட்கிறான். விருத்தம் எழவில்லை. மிருதங்கம் மட்டும் ஒரு சுற்று வாசிக்கிறது. அவன் மெதுவாகத் திரையை விலக்கி நடந்து வருகிறான், கிறிக்கி இல்லாமல். முதல் திரையை எவ்வளவு பெரிதாகச் செய்கிறோமோ அவ்வளவுக்கு இரண்டாவது பிடிக்கும். முதலாவதைச் சுருக்கிவிட்டால் எல்லாம் வீண்.

நடுவில் அணி களையும் காட்சி. கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிய கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாவற்றையும் கயிற்றில் இறுக்கிக் கட்டியிருப்போம். இரண்டு மணி நேரம் ஆடினால் வியர்வையில் நூல்கயிறு ஊறி முடிச்சு இறுகிவிடும். மேடையில் அவிழ்க்கப் போனால் வராது. இழுத்தால் சனம் சிரிக்கும். அந்த வேஷத்துக்கு மட்டும் ஒரே இழுப்பில் அவிழும் உருவு முடிச்சு போட்டு, வால்நுனியை முதுகுப் பக்கம் கட்டியங்காரன் கைக்கு எட்டும்படி விடுங்கள். கிரீடத்தைக் கடைசியில் எடுக்க வேண்டும். முகத்து அரிதாரத்தைத் துடைக்காதீர்கள்: அணியெல்லாம் போய் முகம் மட்டும் ராஜாவாக நிற்பது பார்க்கிறவர் நெஞ்சைப் பிடிக்கும்.

பாட்டு எத்தனை? நாலடித் தரு ஒன்று, பின்னால் இருப்பவர்கள் பின்பாட்டாக வாங்கிப் பாடி அடவும் சேர்ந்தால் ஏறக்குறைய எட்டு நிமிஷம். இரண்டரை மணிக் கூத்துக்குப் பதினைந்து பாட்டு தாங்கும், மீதி வசனம். முப்பது எழுதிக்கொண்டு போனால் கூத்து வாத்தியார் பின்பாட்டைத்தான் வெட்டுவார். பின்பாட்டு போனால் வேஷக்காரனுக்கு மூச்சு வாங்க இடமில்லை, கூத்தும் கச்சேரியாகிவிடும்.

ஒப்பாரி ஒரே ஒரு இடத்தில் போதும். நாடிழந்தவர் கதை என்றதும் தொடக்கம் முதல் முகாரியில் அழ வைக்கிறார்கள். பாதி ராத்திரிக்குள் சனத்துக்குக் கண்ணீர் வற்றிவிடும். கப்பல் ஏறும்போது ராணிகளும் உறவினரும் பாடட்டும். முகவீணை சின்ன நாயனம், அதன் சுருதி மாறாது, உச்சத்திலேயே நிற்கும். அதோடு சேர்ந்து பாடினால் ஒப்பாரி கத்தலாகிவிடும். அந்தப் பாட்டுக்கு முகவீணையைக் கீழே வைத்துவிட்டு, ஆர்மோனியத்தில் சுருதிக் கட்டையை இறக்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதை நான் அழுத்திச் சொல்வேன். தமிழ் பேசிய ராஜா என்பதற்காக அவனைக் குற்றமற்றவனாக்க வேண்டாம். எதிர்ப்பக்கம் போன அமைச்சன் எகலப்பொலவின் மனைவி மக்களை 1814இல் அவன் கொன்றான். சிங்கள மக்கள் இன்றும் மறக்கவில்லை. அந்தக் கொலையைக் கட்டியங்காரன் கேட்கட்டும், ராஜா பதில் சொல்லட்டும். எகலப்பொலவும் பிறகு அதே ஆங்கிலேயரால் மொரிசியசுக்கு நாடு கடத்தப்பட்டு 1829இல் அங்கே இறந்தான். எதிரெதிரே நின்ற இருவரும் கடைசிவரை ஊர் திரும்பவில்லை. இருவரும் எதிரெதிராக வாதாடிப் பாடும் ஒரு தர்க்கத் தரு எழுதினால் கூத்தின் உச்சம் அதுவாகத்தான் இருக்கும்.

களரியைப் பாலாற்று மணலில் போட ஆசை வரும். மணலில் கால் புதையும், கிறிக்கி சுற்ற முடியாது, சலங்கையும் கேட்காது. கரை மேல் கெட்டித் தரையாகப் பாருங்கள். முதல் நாள் சாயங்காலமே தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டு இடித்து இறுக்கிவிட்டால் ராத்திரி புழுதி எழாது.