ஆகஸ்டில் வீட்டை வாடகைக்கு விடலாமா?

நேயர்களுக்கு வணக்கம். எடின்பரோவில் ஆகஸ்ட் திருவிழாச் சமயத்தில் சொந்த வீட்டை வாடகைக்கு விட லைசென்ஸ் வேண்டுமா என்று பேச அழைத்திருக்கிறார்கள். ஒரே வரியில் பதில் கேட்பவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: வேண்டும். மூன்று வாரத்துக்கு விட்டாலும் வேண்டும், ஒரு ராத்திரிக்கு விட்டாலும் வேண்டும், நீங்கள் பக்கத்து அறையிலேயே படுத்திருந்தாலும் வேண்டும். லைசென்ஸ் இல்லையென்றால் அதிலிருந்து விலக்காவது வாங்கி வைத்திருக்க வேண்டும். மற்றதெல்லாம் ஏன், எப்படி என்கிற கதை.

லண்டனிலிருந்து கேட்பவர்கள் குழம்பிக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு வருடத்தில் 90 இரவு வரை தனி அனுமதி இல்லாமல் விடலாம் என்கிற கணக்கு, 2015 சட்டத்தில் வந்தது. அது லண்டனோடு சரி. நான் பேசுவது ஸ்காட்லாந்து விதி.

முதலில் விழா. 1947-ல் இங்கே முதல் சர்வதேசக் கலைவிழா நடந்தபோது, யாரும் கூப்பிடாமலே எட்டு நாடகக் குழுக்கள் வந்து கிடைத்த இடத்தில் நாடகம் போட்டன. அப்படி ஆரம்பித்ததுதான் ஃபிரிஞ்ச். இப்போது ஒரே மாதத்தில் 3,000-க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள். தேவாலயக் கூடம், மதுக்கடை மாடி, பல்கலைக்கழக வகுப்பறை, எல்லாம் மேடை. ஊரில் நிரந்தரமாக வாழ்கிறவர்கள் சுமார் ஐந்து லட்சம் பேர். வந்து குவிகிற கூட்டம் எங்கே படுக்கும்? ஹோட்டல் போதாது. கோடையில் காலியாகும் மாணவர் விடுதிகளும் போதாது. அதனால், ஆகஸ்ட் பிறந்தால் சாவியை நாடகக்காரர்களிடம் கொடுத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விடுவது இங்கே பலருக்குப் பழக்கம். அந்தப் பணத்தில்தான் குளிர்காலத்து கேஸ் பில்லைக் கட்டுகிறோம் என்பவர்களை எனக்குத் தெரியும்.

இது பழைய வழக்கம். பிரச்சினை ஆனது வேறொன்று. ஆன்லைனில் வீடு பிடிக்கிற காலம் வந்த பிறகு, வருடம் முழுக்க யாருமே குடியில்லாத, நாலு நாளைக்கு ஒரு கூட்டம் மாறுகிற வீடுகள் பெருகின. பெட்டிச் சக்கரம் கற்பாவிய தெருவில் உருளும் சத்தம் விடிகாலையில் எப்படி இருக்கும் என்று எங்களைக் கேளுங்கள். வாசல் கம்பியில் சாவிப் பெட்டிகள் வரிசையாகத் தொங்கும். எண்ணை மறந்தவர் எல்லா வீட்டு மணியையும் அழுத்துவார்.

இங்கே படிக்கட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வீட்டில் எச்சரித்துத்தான் அனுப்பினார்கள், படிக்கட்டைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டீர்கள் என்று. ஆனால் படிக்கட்டு புரியாமல் இந்த விதி புரியாது. எடின்பரோவின் பழைய குடியிருப்புகள் கல் கட்டடங்கள். நாலைந்து மாடி, பெரும்பாலும் லிஃப்ட் கிடையாது. தெருவில் ஒரு கதவு, உள்ளே சுழன்று ஏறும் ஒரே படிக்கட்டு, தளத்துக்கு இரண்டு மூன்று வீடு. அந்தப் படிக்கட்டு எல்லோருக்கும் பொது. சில கட்டடங்களில் இன்றைக்கும், யார் முறை வருகிறதோ அவர் வீட்டுக் கதவில் ஒரு அட்டை தொங்கும். அந்த வாரம் படி கழுவுவது அவர் வேலை. தீப்பிடித்தால் இறங்குவதற்கும் வழி அது ஒன்றுதான். மறுபடி சொல்கிறேன், வழி ஒன்றுதான்.

எங்கள் இரண்டாம் மாடியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். லைசென்ஸ் எல்லாம் வருவதற்கு முன்னால், ஒரு ஆகஸ்டில் வீட்டை ஒரு நாடகக் குழுவுக்கு விட்டிருந்தார். நாலு பேர் என்று சொன்னார்கள், வந்தது எட்டுப் பேர். கூடவே நாடகத்துக்கான சவப்பெட்டி ஒன்று. ஒட்டுப்பலகைதான், ஆனால் ஆள் நீளம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அதைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறார்கள். முதல் மாடி வளைவில் சிக்கிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. அரை மணி நேரம் இழுத்துப் பார்த்துவிட்டு, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று, அதன் மேலேயே ஏறிக் குதித்துப் படுக்கப் போய்விட்டார்கள். மேல்மாடியில் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், விடிகாலை ஷிஃப்டுக்கு இறங்கி வருகிறார். படிக்கட்டு விளக்கு மங்கல். வளைவில் திரும்பினால் சவப்பெட்டி! அவர் போட்ட சத்தத்தில் கட்டடமே எழுந்தது. நானும் போய் நின்றேன். கடைசியில் அடிப்பலகையைக் கழற்றித்தான் எடுத்தோம்; கழற்றியது அந்தத் தம்பியேதான், ஷிஃப்டுக்குத் தாமதமாக.

இன்றைக்கும் சொல்லிச் சிரிப்போம். ஆனால் நினைத்துப் பாருங்கள், அன்றைக்கு மேலே ஒரு சமையலறையில் தீப்பிடித்திருந்தால்? ஒரே வழி, அதை ஆள் நீளப் பெட்டி அடைத்திருக்கிறது. நாலு பேர் என்ற வீட்டில் எட்டுப் பேர். லைசென்ஸ் விதியில் ஒரு வீட்டில் அதிகபட்சம் எத்தனை பேர் தங்கலாம் என்று எழுதியிருப்பதைப் பலர் கேலி செய்கிறார்கள். நான் செய்வதில்லை.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2022-ல் ஸ்காட்லாந்து அரசு, இப்படிக் குறுகிய காலத்துக்கு வீட்டை விட லைசென்ஸ் கட்டாயம் என்று ஓர் ஆணை கொண்டுவந்தது. ஏற்கெனவே வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர்கள் விண்ணப்பிக்க 2023 அக்டோபர் 1 வரை அவகாசம் கிடைத்தது. லைசென்ஸ் நாலு வகை. நீங்கள் வெளியே போய்விட்டு முழு வீட்டையும் விடுவது ஒன்று. வீட்டில் இருந்துகொண்டே ஓர் அறையை விடுவது ஒன்று. இரண்டும் சேர்ந்தது ஒன்று. நீங்கள் குடியிருக்காத வீட்டை விடுவது நாலாவது. எதுவும் இல்லாமல் விட்டால் 2,500 பவுண்டு வரை அபராதம்.

நிபந்தனைகள்? கேஸ் அடுப்போ பாய்லரோ இருந்தால் வருடா வருடம் சோதனைச் சான்று. மின்சார இணைப்புக்கு அறிக்கை. தண்ணீர்க் குழாயில் லெஜியோனெல்லா கிருமிக்கு ஆபத்து உண்டா என்று மதிப்பீடு. தங்குகிறவருக்கோ மற்றவருக்கோ அடிபட்டால் ஈடு கொடுக்க, 50 லட்சம் பவுண்டுக்குக் குறையாத பொதுப் பொறுப்பு இன்சூரன்ஸ். விளம்பரத்தில் லைசென்ஸ் எண். புகை அலாரங்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும். ஒன்று அடித்தால் எல்லாம் அடிக்க வேண்டும். இது மட்டும் புதுச் சுமை இல்லை, 2022 பிப்ரவரியிலிருந்து ஸ்காட்லாந்தில் எல்லா வீட்டுக்கும் உள்ள விதிதான். சமையலறையில் வைப்பது புகை அலாரம் இல்லை, வெப்ப அலாரம். அதனால் மிளகாய் தாளித்தால் அடிக்காது. கதவைத் திறந்து வைத்துத் தாளித்தால் ஹாலில் இருப்பது அடிக்கும், அது வேறு.

என் குறை என்னவென்றால், இந்த அடிப்படை நிபந்தனைகள் நாலு வகைக்கும் பொது. கட்டணம் வேறுபடலாம், காகிதம் வேறுபடாது. பத்து வீடு வைத்திருப்பவருக்கு மேனேஜர் இருக்கிறார், கணக்குப்பிள்ளை இருக்கிறார். எங்கள் ஆசிரியை மூன்று வார வாடகைக்காக எலக்ட்ரீஷியனுக்கும், லைசென்ஸ் கொடுக்கிற ஊர் கவுன்சிலுக்கும் கொடுத்ததைக் கூட்டிப் பார்த்துவிட்டு, ஒரு வருடம் வீட்டை யாருக்கும் விடாமலே இருந்தார். அந்த வீட்டில் தங்க வேண்டிய இளம் நடிகர்கள் எங்கே போனார்களோ. வீடு கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை கட்டுப்படியாகாது என்பதுதான் இன்று ஃபிரிஞ்சுக்கு வரும் சின்னக் குழுக்களின் முதல் புலம்பல். மீதி பதினோரு மாதம் அந்தப் படுக்கையில் யார் படுக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு விதி போட்டிருக்கலாம். பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை, படிக்கட்டை மறக்க மாட்டேன். காகிதத்தைக் குறைக்கச் சொல்கிறேன்.

ஒரு வழி இருக்கிறது, தற்காலிக விலக்கு. வருடத்தில் மொத்தம் ஆறு வாரம் வரை கவுன்சில் கொடுக்கலாம். கொடுக்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது, கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. முதலில் அந்த ஆறு வாரம் ஒரே தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்றிருந்தது. ஆகஸ்டில் மூன்று வாரம் விட்டால், புத்தாண்டுக் கூட்டத்துக்கு விட முடியாது. 2024 ஆகஸ்ட் கடைசியில் திருத்தினார்கள். இப்போது மூன்று தனித்தனித் தவணைகளாகப் பிரித்துக்கொள்ளலாம். விலக்கு என்றால் சும்மா இருந்துவிடலாம் என்று அர்த்தமில்லை. அதற்கும் விண்ணப்பம் உண்டு, நிபந்தனையும் போடலாம். ஜூலையில் விண்ணப்பித்துவிட்டு ஆகஸ்டுக்குக் கேட்காதீர்கள். எங்கள் ஆசிரியை இப்போது விலக்கில்தான் விடுகிறார். சமையலறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார், முதல் வரி: படிக்கட்டில் எதையும் வைக்காதீர்கள்.

நீதிமன்றக் கதையை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், கண்ணாடிக்கு அப்பால் இரண்டு விரல் காட்டுகிறார்கள். சுருக்கமாக: பொதுப் படிக்கட்டு உள்ள கட்டடத்தில், சொந்தக்காரர் குடியிருக்காத வீட்டுக்கு லைசென்ஸ் இல்லை என்ற அனுமானத்தோடுதான் எடின்பரோ கவுன்சில் கொள்கை வகுத்திருந்தது. தரையில் கம்பளம் விரிக்க வேண்டும் என்றுகூட இருந்தது. 2023 ஜூனில் நீதிபதி பிரெய்ட் இரண்டும் சட்டத்துக்குப் புறம்பு என்று தீர்ப்பளித்தார். படிக்கட்டுப் பைத்தியமான எனக்கே அது சரியான தீர்ப்பு என்றுதான் பட்டது. எல்லாக் கதவையும் ஒரேயடியாகச் சாத்தாமல் ஒவ்வொரு வீடாகப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

கடைசியாக வேகமாக மூன்று விஷயம். எடின்பரோ முழுக்க 2022 செப்டம்பரிலிருந்து குறுகிய கால வாடகைக்கான கட்டுப்பாட்டுப் பகுதி, அதனால் குடியிருக்காத வீட்டை விடுபவர்கள், வீட்டை இப்படிப் பயன்படுத்துவதற்கான திட்ட அனுமதியையும் தனியாகப் பார்க்க வேண்டும். 2026 ஜூலை 24 முதல் தங்குகிறவர்களுக்கு 5 சதவீத வரி, முதல் ஐந்து இரவுக்கு மட்டும். வீட்டை விடுகிறவர்தான் வசூலித்துக் கட்ட வேண்டும். மூன்றாவது, மோர்ட்கேஜ் இருந்தால் வங்கிக்கு, வாடகை வீடானால் வீட்டுச் சொந்தக்காரருக்கு, முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். நேரம் முடிந்ததற்கான விளக்கு எரிகிறது, வணக்கம்.