ஆறின் மடங்கு

நேயர்களுக்கு வணக்கம். விளையாட்டு, உடற்பயிற்சி சார்ந்த உடலியங்கியலில் முனைவர் பட்டம் செய்ய வரும் மாணவரை நெறியாளர் எப்படி வழிநடத்த வேண்டும் என்று பேசுமாறு நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். இது பல்கலைக்கழகத்துக்குள் முடிந்துவிடும் சங்கதி என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஆனால் நம் நெல்லைச் சீமையில் இத்தகைய ஆய்வுக்கு உடலைத் தருகிறவர்கள் உங்கள் வீட்டுப் பிள்ளைகள்தாம். பள்ளி மைதானத்தில் மூச்சிரைக்க நிற்கையில் மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணப்படுவது அவர்களுக்குத்தான்.

என்னிடம் வந்த மாணவர்களில் பெரும்பாலோர் பகுதிநேர ஆய்வாளர்கள். பகலில் ஏதாவதொரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியர்கள். மைதானத்தை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள். இருந்தும் அவர்கள் எழுதிக்கொண்டுவரும் தலைப்பு ஒரே அச்சில் வார்த்ததாக இருக்கும்: 12 வாரப் பயிற்சி, மூன்று குழுக்கள், பயிற்சிக்கு முன் ஒரு முன்தேர்வு, பின் ஒரு பின்தேர்வு, கடைசியில் குழுக்களுக்கிடையே தொடக்கத்திலேயே இருந்த வேறுபாட்டைச் சரிக்கட்டி ஒப்பிடும் அன்கோவா என்ற புள்ளியியல் கணக்கு. அந்த அச்சில் பிழை ஏதும் இல்லை. கேள்விதான் அவர்களுடையதாக இராது.

அப்படி வந்த ஒருவரிடம், அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, மைதானத்தில் உங்களை வியக்க வைத்தது எது என்று கேட்டேன். சற்றுத் தயங்கி, “ஐயா, ரெய்டு போகிற பையன் கபடி கபடி என்று பாடிக்கொண்டே போகிறானே, அவன் மூச்சை அடக்குகிறானா, விடுகிறானா?” என்றார். அடக்குவதில்லை. காற்று வெளியேறினால்தான் ஒலி பிறக்கும். ஆகவே பாடிப் போகிறவர் ஒரே மூச்சை நீளமாக விட்டுக்கொண்டே ஓடுகிறார், எட்டுகிறார், உதைக்கிறார். ஒரு ரெய்டு 30 வினாடிக்குள் முடிந்துவிடும். முழு வேகத்தில் இயங்கும் தசையில், உடனடி ஆற்றல் தரும் பாஸ்போகிரியேட் என்ற சேர்மத்தின் இருப்பு ஏறத்தாழ 10 வினாடியிலேயே பெருமளவு கரைந்துவிடும். அதில் பாதி மீண்டு வரச் சுமார் அரை நிமிட ஓய்வாவது வேண்டும். அப்படியானால் நம் ஊர் ஆட்டங்களில் ஒரே ஆளுக்கு இரண்டு ரெய்டுகளுக்கு இடையே எவ்வளவு ஓய்வு கிடைக்கிறது, அந்த ஓய்வில் அவர் இதயத்துடிப்பு எவ்வளவு இறங்குகிறது? நிறுத்துகடிகாரத்தோடு நான்கு ஆட்டங்களுக்குப் போனால் எண்ணத் தொடங்கிவிடலாம். மணத்தி கணேசனைப் போன்ற ஆட்டக்காரரை நாட்டுக்குத் தந்த சீமையில் இந்தக் கேள்வி எழாமல் இருந்தால்தான் வியப்பு.

கேள்வி கிடைத்த பிறகுதான் நெறியாளருக்கு வேலை தொடங்குகிறது. உடற்பயிற்சியின்போது உடல் ஏற்கும் ஆக்சிஜனுக்கு ஓர் உச்ச அளவு உண்டு என்பதை 1920களில் ஆராய்ந்த ஆங்கிலேய உடலியங்கியல் அறிஞர் ஏ.வி.ஹில், முதுகில் காற்றுப் பையைக் கட்டிக்கொண்டு புல்தரையில் தாமே ஓடியவர். என் மாணவர்களுக்கும் அதையே விதியாக வைத்தேன். எந்தப் பையனையும் தொடுவதற்கு முன், அவனுக்கு வைக்கப்போகும் சோதனையை ஆய்வாளர் தம் மேலேயே இருமுறை, வெவ்வேறு நாட்களில், எந்தப் பயிற்சியும் இல்லாமல் செய்து பார்க்க வேண்டும். இரண்டு அளவுகளுக்கும் இடையே 6 துடிப்பு வேறுபாடு வந்தால், பயிற்சியால் 4 துடிப்பு குறைந்தது என்று பிறகு எழுத வாய் வராது.

அந்தக் கபடி ஆய்வாளர் 10 வினாடி நாடி எண்ணி, அதை ஆறால் பெருக்கி நிமிடக் கணக்காக்கினார். ஒரு துடிப்பு தவறினால் ஆறு தவறும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். இந்த முறையில் எல்லா எண்களும் ஆறின் மடங்காகவே வர வேண்டும். 132, 138, 144 என்று ஒழுங்காக வந்த பின்தேர்வுப் பட்டியலில், கடைசி மூன்று பையன்களுக்கு நேராக 137, 139, 141 என்று இருந்தன. பட்டியலை மூடிவிட்டு, மைதானத்தில் எழுதிய மூலக் குறிப்பேட்டைக் கொண்டுவரச் சொன்னேன். ஓரம் மடங்கி, வியர்வை பட்டு மை கலைந்திருந்த அந்த ஏட்டில் அந்த மூன்று பெயர்களுக்கு எதிரே வெறும் கோடுதான் இருந்தது. அந்த வாரம் அவர்கள் ஊரில் அம்மன் கோவில் கொடைத் திருவிழா; இரவெல்லாம் வில்லுப்பாட்டுக்கு விழித்த பையன்கள் சோதனைக்கு வரவில்லை. இவர் மற்றவர்களின் சராசரியை ஒட்டி ஒன்றிரண்டைக் கூட்டிக் குறைத்து நிரப்பிவிட்டார். எனக்கு அவர்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்ததே அதிகம். இரண்டு மாதமாக அவர் அளவெடுத்த மைதானத்துக்கு நான் ஒருநாள்கூடப் போகவில்லை. 2022 பல்கலைக்கழக மானியக் குழு விதிப்படி ஒரு பேராசிரியர் 8 முனைவர் பட்ட மாணவர்கள்வரை வைத்துக்கொள்ளலாம். மைதானத்துக்கும் போய்ப் பார்ப்பதென்றால், என் கணக்கில் நால்வரே அதிகம்.

போனால் வேறு சிலவும் கண்ணில் படும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வீசும் காற்றில் 20 மீட்டர் இடைவெளியில் போய்ப் போய்த் திரும்பும் ஷட்டில் ஓட்டம் வைத்தால், பாதி ஓட்டம் எதிர்காற்றில் போகும். சித்திரை வெயிலில் பயிற்சி தொடங்கினாலோ, உடல் வெப்பத்துக்குப் பழகும் முதல் இரண்டு வாரத்திலேயே ஓடும்போதுள்ள துடிப்பு குறைந்துவிடும். நிழலில் உட்கார்ந்திருந்த ஒப்பீட்டுக் குழுவுக்கு அந்தப் பழக்கம் வாய்க்கவில்லை என்பதை மறந்து, அத்தனையையும் பயிற்சியின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

இன்னொன்று, பெற்றோர்களுக்கு. ஆய்வாளரே பிள்ளையின் ஆசிரியர் என்றால், “சார் கேட்கிறார்” என்பதற்காகவே எந்தப் பையனும் தலையாட்டிவிடுவான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளின்படி சிறுவர்களுக்குப் பெற்றோர் ஒப்புதலோடு அவர்களுடைய சொந்த இசைவும் வேண்டும். ஆகவே அந்தப் பள்ளியைச் சேராத ஒருவரை அனுப்பித்தான் நாங்கள் கேட்க வைக்கிறோம். வேண்டாம் என்று சொன்ன பையனுக்கு அணியில் இடம் போகாது என்பதையும் அவரே சொல்லிவிட வேண்டும்.

கபடி ஆய்வேடு அந்த மூன்று கட்டங்களும் காலியாகவே அச்சாகியது. வாய்மொழித் தேர்வில், தொடக்கத்தில் பதினைந்து பேர் இருந்த குழு முடிவில் பன்னிரண்டானது ஏன் என்று புறத்தேர்வாளர் கேட்டார். “ஊரில் கொடை ஐயா, வரவில்லை” என்றார் மாணவர். தேர்வாளரும் நம் பக்கத்துக்காரர்தான். எந்தக் கோவில் என்று மட்டும் விசாரித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

நன்றி, வணக்கம்.