கிம்பர்லி: ஒரு குன்று பள்ளமானதால் பிறந்த தலைநகர்

[காட்சி: வானிலிருந்து கிம்பர்லி, கட்டடங்களுக்கு நடுவே பச்சை நீர் தேங்கிய வட்டப் பள்ளம்]

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் ஒன்பது மாகாணங்களில் பரப்பளவில் பெரியது வடக்குக் கேப். மக்கள்தொகையில் மிகச் சிறியதும் அதுவே. அதன் தலைநகரான கிம்பர்லி மாகாணத்தின் நடுவில் இல்லாமல், கிழக்கு எல்லையை ஒட்டி, ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரமுள்ள வறண்ட சமவெளியில் அமைந்திருக்கிறது. துறைமுகமோ மலைக்கணவாயோ இங்கே இல்லை. குடிநீர்கூட வால் ஆற்றிலிருந்து குழாய் வழியாகத்தான் வர வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு நகரம் எழுந்ததற்கான காரணத்தைத் தரைக்கு அடியில்தான் தேட வேண்டும்.

[காட்சி: குறுக்குவெட்டுப் படம்; கீழே போகப் போகக் குறுகும் பாறைக் குழாய்]

சுமார் 150 கிலோமீட்டருக்கும் கீழே உருவான வைரங்களைப் பல கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அள்ளிக்கொண்டு மேலேறி, குழாய் வடிவில் இறுகிப்போனது. அந்தப் பாறைக்குக் 'கிம்பர்லைட்' என்று பெயர் வந்ததே இந்த ஊரால்தான். அதன் மேற்பகுதி வெயிலிலும் மழையிலும் சிதைந்து மஞ்சள் மண்ணானது. அடியில் இருந்ததோ கடினமான நீலப் பாறை. மஞ்சள் மண் தீர்ந்ததும் வைரமும் தீர்ந்தது என்று எண்ணிப் பங்கை விற்றுவிட்டுப் போனவர்கள் உண்டு; அவர்கள் காலடியிலிருந்த நீலப் பாறையிலும் வைரம் இருந்தது.

1871 ஜூலையில், டி பியர் சகோதரர்களின் பண்ணையிலிருந்த கோல்ஸ்பெர்க் குன்றில் வைரம் தென்பட்டது. ஆயிரக்கணக்கானோர் திரண்டு, 31 அடிச் சதுரங்களாக நிலத்தைப் பிரித்துக்கொண்டு, ஆளுக்கொரு வேகத்தில் தோண்டினார்கள். இடையில் விட்டிருந்த பாதைகள் சரிந்தன. ஒவ்வொரு சதுரத்திலிருந்தும் விளிம்புக்குக் கம்பிவடம் கட்ட வேண்டியதாயிற்று. ஆழம் கூடக் கூடத் தனியாளால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. பங்குகள் நிறுவனங்களின் கைக்குப் போய், 1888இல் செசில் ரோட்ஸின் டி பியர்ஸ் நிறுவனத்தில் வந்து சேர்ந்தன. பண்ணையை விற்றுவிட்டுப் போன சகோதரர்களுக்கு அதில் பெயர் மட்டுமே மிஞ்சியது. கருப்பினத் தொழிலாளர்களோ, வைரத்தைக் கடத்திவிடுவார்கள் என்று காரணம் சொல்லப்பட்டு, ஒப்பந்தக் காலம் முழுவதும் மூடிய வளாகங்களில் அடைக்கப்பட்டார்கள். இந்தப் பள்ளம் உண்மையில் அவர்கள் கையால் வெட்டப்பட்டது.

வைரம் கிடைத்ததும் நிலம் யாருடையது என்ற வழக்கும் எழுந்தது. கிரிக்வா மக்களின் தலைவர் நிக்கோலஸ் வாட்டர்பூரும், டச்சு வழிவந்த குடியேறிகளான போயர்களின் குடியரசுகளும் உரிமை கோர, நேட்டாலின் ஆளுநர் கீட் வாட்டர்பூருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அதே 1871இல் பிரிட்டன் அப்பகுதியைத் தன்னுடன் இணைத்துக்கொண்டதைப் பார்த்தால், தீர்ப்பு யாருக்குப் பயன்பட்டது என்பது விளங்கும். 'நியூ ரஷ்' என்றிருந்த முகாமுக்கு 1873இல் பிரிட்டனின் குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சர் கிம்பர்லி பிரபுவின் பெயர் வைக்கப்பட்டது.

1882இல் இங்கே மின் தெருவிளக்குகள் எரிந்தன. 1899 அக்டோபர் முதல் நான்கு மாதம் போயர் படைகள் நகரை முற்றுகையிட்டன. 1914இல் பெரும்பள்ளத்தில் சுரங்கவேலை நின்றது; அதற்குள் 2,720 கிலோ வைரம் வெளியே வந்திருந்தது.

[காட்சி: நகரின் பழைய வரைபடம்]

1994இல் புதிய மாகாணம் பிறந்தபோது தலைநகர் ஆனது இந்த ஊர்தான். நகராட்சி இன்று எழுத்தாளரும் விடுதலைப் போராளியுமான சோல் பிளாட்ஜேயின் பெயரைத் தாங்குகிறது. அவர் அடக்கம் செய்யப்பட்டதும் இங்கேதான். பழைய பகுதியின் தெருக்கள் மட்டும் இன்றும் வளைந்து நெளிந்தே செல்கின்றன: கூடாரங்களுக்கு இடையே மாட்டுவண்டிகள் போன தடங்கள் அவை.